மழை ஏமாற்றிய வருடத்தில் மாடுகள்: வாசகர் கேள்வி பதில்

கார்த்திகை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: மழை சரியில்லை, நாலைந்து மாடு கட்டியிருக்கிறோம், என்ன செய்வது. பெரிய பண்ணைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள், அதனால் இந்த முறை பத்து மாட்டுக்குள் வைத்திருப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒன்பது ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு). காங்கேயம் பசு நாலு, கிடாரி இரண்டு, ஆறு மாதக் காளைக்கன்று ஒன்று. ஐப்பசியில் இரண்டு மழை, கார்த்திகையில் வெறும் தூறல். புல் இப்போதே மஞ்சளாகிவிட்டது. அடுக்கிவைத்த தட்டுப்போரில் சோளத்தட்டு நாலு டன் இருக்கும். எப்படியாவது ஓட்டிவிடலாம் என்கிறார் அப்பா, ரெண்டு மாட்டை விற்றுவிடலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
(மூலனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி தம்பி. ஆனால் வாய்ப்பேச்சாகச் சொன்னால் அப்பா கேட்க மாட்டார், கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

300, 350 கிலோ எடையுள்ள காங்கேயம் பசு ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு உலர்ந்த தீவனம் தின்னும். தோராயமாக 7 கிலோ தட்டு. நாலு பசுவுக்கு 28 கிலோ, கிடாரிக்கு நாலரை வீதம் 9, கன்றுக்கு 2. காலில் மிதிபட்டுச் சாணியோடு போவதையும் சேர்த்தால் நாளுக்கு 42, 43 கிலோ ஆகிவிடும். நாலு டன்னை அதால் வகுத்துப் பாருங்கள், 94 நாள்தான் வரும். மார்கழி முதல் தேதி போரைப் பிரித்தால் பங்குனி முதல் வாரத்தில் தரை தெரியும். உங்கள் பக்கம் அடுத்து நம்பி எதிர்பார்க்கக்கூடிய மழை ஐப்பசியில். நடுவில் ஏழு மாதம் எதைப் போடுவீர்கள்? சித்திரை, வைகாசியில் கோடை மழை வந்தால் புல் கொஞ்சம் துளிர்க்கும், வந்தால் லாபம், ஆனால் அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

இப்போது இரண்டு பசுவையும் காளைக்கன்றையும் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு பசு, இரண்டு கிடாரிக்கு நாளுக்கு 25 கிலோ. அதே போர் 160 நாள், அதாவது வைகாசி வரை வரும். வைகாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும் இன்னும் நாலு டன் வேண்டும், அதை விற்ற பணத்தில் வாங்கிவிடலாம். தை, மாசியில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சம்பா அறுவடை ஆகி வைக்கோல் கட்டு லாரி லாரியாக மேற்கே வரும். விலை படிவது அப்போதுதான். பங்குனியில் நாலு ஊர்க்காரர்கள் ஒரே லாரியைச் சுற்றி நிற்கும்போது போய்க் கேட்டால் சொன்னதுதான் விலை. இன்னொன்று, உருளையாகச் சுற்றிய வைக்கோல் கட்டுகளை எண்ணிக்கையில் வாங்காமல் எடையில் வாங்குங்கள். ஒரு கட்டு 15 கிலோவும் இருக்கும், 30 கிலோவும் இருக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் உங்கள் போர் உண்மையிலேயே நாலு டன் என்றால்தான். “இருக்கும்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பத்துக் கட்டைத் தராசில் வைத்துச் சராசரி எடுத்து, மொத்தக் கட்டை எண்ணிப் பெருக்குங்கள். கண் மதிப்பில் போர் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். முழுத் தட்டாகப் போடாமல் நறுக்கிப் போட்டால் கழிவு நன்றாகக் குறையும், சொந்தமாக நறுக்கும் இயந்திரம் இல்லையென்றால் வாடகைக்காவது எடுங்கள்.

விற்பது என்று முடிவானால் தை முடிவதற்குள் விற்றுவிடுங்கள். மாசி கடைசியிலிருந்து எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வருவார்கள், மாடும் அதற்குள் விலா தெரிய வற்றியிருக்கும், இரண்டு பக்கமும் அடி. காங்கேயம் மாட்டுக்குத் தரம் தெரிந்து விலை கேட்பவர்கள் பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைத் தாவணிக்கு (மாட்டுச் சந்தைக்கு) வருவார்கள். சித்திரையில் கண்ணபுரம் தேர்த் தாவணி இருக்கிறது, அங்கே நல்ல விலைக்கு விற்கலாம் என்று நினைப்பீர்கள். நல்ல மழை வருடத்தில் சரி. இந்த வருடம் அதுவரை தீனி போட்டு அழைத்துப் போகிற செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

எதை விற்பது? காளைக்கன்று முதலில். அடுத்து இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காத பசு. அப்புறம் பல் தேய்ந்துபோன கிழப்பசு, தட்டை மெல்ல முடியாமல் அதுதான் முதலில் வற்றும். இரண்டு கிடாரிகளையும், நல்ல மடி வாகுள்ள சினைப்பசுவையும் கடைசி வரை கையில் வையுங்கள், மழை திரும்பும்போது பட்டி அவற்றிலிருந்துதான் மறுபடி பெருகும். “அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பசுவின் வம்சம்” என்று அப்பா ஒன்றைப் பிடித்துக்கொள்வார். அந்த ஒன்றைப் பேரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மற்ற இரண்டை விற்கச் சம்மதம் வாங்குங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.

கொறங்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளாகிப்போன கொழுக்கட்டைப்புல்லை மாடு தூர் வரை கடித்துவிட்டால் அடுத்த மழைக்கு அது எழுந்து வரத் திணறும். காட்டை நாலைந்து பட்டியாகத் தடுத்திருப்பீர்கள் அல்லவா, அதில் ஒன்றை மட்டும் பலிகொடுத்துவிட்டு, மாடுகளை அங்கேயே அடைத்துத் தட்டுப் போடுங்கள். மற்றவை சும்மா கிடக்கட்டும். வெயில் காலத்தில் வெள்வேல மரத்தடியில் உதிரும் காயைப் பொறுக்கிவைத்தால் அடர்தீவனத்தில் கொஞ்சம் மிச்சமாகும். கிளுவை வேலி காய்ந்து கிடக்கிறதே என்று வெட்டி அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள், மழை விழுந்ததும் தழைக்கும்.

கேள்வி: மானாவாரியில் விதைத்த தீவனச்சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. இனி வளராது, மாட்டை இறக்கி மேய்த்துவிடலாம் என்று இவர் சொல்கிறார். போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் இதே மாதிரி பயிரில் புகுந்த மாடு அரை மணி நேரத்தில் விழுந்து செத்துப்போனது. பயமாக இருக்கிறது.
(வேடசந்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. இறக்கவே இறக்காதீர்கள்.

இளஞ்சோளத்தின் இலையில் துரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மாடு மென்றதும் அதிலிருந்து சயனைடு பிரிகிறது. பயிர் நன்றாக வளர்ந்து பூ எடுக்கும்போது அதன் அளவு இறங்கிவிடும். ஆனால் தண்ணீர் இல்லாமல் குன்றி நிற்கும் பயிரில் குறையாமல் அப்படியே இருக்கும். அதைவிட ஆபத்து, இப்படிக் காய்ந்து நின்ற பயிர்மேல் ஒரு மழை பெய்து அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பும் நேரம். அறுத்த தாளிலிருந்து வரும் மறுதழைவும் அப்படித்தான். பச்சையைக் கண்டே ரொம்ப நாள் ஆன பசித்த மாடு அதில் வாய் வைத்தால் நிறுத்தாமல் அள்ளித் தின்னும், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் விழுகிறது.

செய்ய வேண்டியது இது. ஓரளவாவது பூ எடுக்க வாய்ப்பிருந்தால் விட்டுவைத்து, பாதிப் பயிர் பூத்த பிறகு அறுங்கள். அதற்கு வழியே இல்லை என்றால் அறுத்து, பரப்பி, நல்ல வெயிலில் பல நாள் காயவிடுங்கள், முறித்தால் படக்கென்று உடைய வேண்டும். வாடினால் போதாது, வாடிய தட்டும் ஆபத்துதான். காய்ந்த பிறகும் முதலில் வைக்கோலோ வேறு தட்டோ போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு இதைக் கொஞ்சமாகக் கலந்து தொடங்குங்கள்.

யூரியா அள்ளிப் போட்ட காடு என்றால் இன்னொரு சிக்கல் சேரும். குன்றிய பயிரின் அடித்தண்டில் நைட்ரேட் தேங்கி நிற்கும், அது காயவைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட பயிரை அடியில் ஒரு சாண் விட்டு மேலே அறுப்பது நல்லது.

மாடு மூச்சு வாங்கி, நுரை தள்ளி, தள்ளாடினால் நிமிடக்கணக்கில்தான் அவகாசம். இதற்கு நரம்பில் போடும் மாற்று மருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது, கால்நடை ஆம்புலன்ஸ் 1962 எண்ணுக்கும் உள்ளூர் மருத்துவருக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கொருவர் போன் செய்யுங்கள், “சோளம் தின்றது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அவர் எதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அதை வைத்துத்தான் தெரியும். வெல்லத் தண்ணி, எண்ணெய் என்று வாயில் ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டாம். திணறுகிற மாட்டின் வாயில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும், பிழைக்க இருந்ததும் அதில் போய்விடும்.

கேள்வி: இரண்டு தொட்டி அசோலா போட்டால் தீவனச் செலவு பாதியாகும் என்று யூடியூபில் பார்த்தேன். வறட்சிக்கு இது போதுமா?
(அரவக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போதாது. தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணிதான் அசோலா, அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். இரண்டு கிலோ அள்ளிப் போட்டாலும் மாட்டின் வயிற்றுக்குள் போகும் உலர்ந்த பொருள் 100, 150 கிராம்தான், அதற்குத் தேவையோ 6, 7 கிலோ. புரதம் நல்ல தரம், அதை மறுக்கவில்லை, கறவை மாட்டுக்குத் தவிட்டோடு ஒரு கைப்பிடி சேர்த்தால் பிண்ணாக்கில் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் குடிக்கவே லாரித் தண்ணி வாங்கும் ஊரில் தொட்டி நிரப்பி, நிழல்வலை கட்டி, வெயிலில் அது வெந்துபோகாமல் காப்பாற்றி... வேண்டாம் விடுங்கள். அந்தத் தண்ணீரை வரப்பில் பத்து அகத்திக்கும் கிளைரிசிடியாவுக்கும் ஊற்றினால் இரண்டு மூன்று வருடத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். காணொளி போடுகிறவர்களுக்கு அகத்தி மரம் காட்ட அவ்வளவு அழகாக இல்லை போலிருக்கிறது.

கேள்வி: எங்களிடம் இருப்பது வெறும் நெல் வைக்கோல்தான். மாடு தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. யூரியா தெளித்து ஊறவைத்தால் சத்து கூடும் என்கிறார்கள், யூரியா விஷம் என்றும் சொல்கிறார்கள்.
(சிவகங்கை மாவட்ட வாசகர்)

பதில்: இரண்டும் உண்மை. முறைப்படி செய்தால் தீவனம், அவசரப்பட்டால் விஷம்.

100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 65 லிட்டர் தண்ணீர். கூடவே ஒரு பிடி என்று யாரும் அதிகம் போட வேண்டாம். யூரியா முழுவதும் கரைந்த பிறகு, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி ஒவ்வொரு அடுக்கிலும் பூவாளியால் சமமாகத் தெளித்து, காலால் நன்றாக மிதித்துக் காற்றை வெளியேற்றி, தார்ப்பாயால் இறுக்கி மூடிவிடுங்கள். 21 நாள் பிரிக்கக் கூடாது. பிரிக்கும்போது அம்மோனியா மூக்கைத் துளைக்கும், அன்றைய தேவையை முந்தின நாள் மாலையே எடுத்துப் பரப்பிக் காற்றாடவிட்டுப் பிறகு போடுங்கள். முதல் வாரம் பாதிக்குப் பாதி சாதா வைக்கோலோடு கலக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. மிச்சமான யூரியாக் கரைசலை வாளியோடு கட்டுத்தறிப் பக்கம் வைத்துவிட்டுப் போவது போல முட்டாள்தனம் கிடையாது, தாகத்தில் மாடு அதைக் குடித்தால் அவ்வளவுதான்.

இவ்வளவு வேலைக்கு ஆள் இல்லை என்றால் வைக்கோலோடு தினம் ஒரு கிலோ தவிடும் அரைக் கிலோ கடலைப் பிண்ணாக்கும் கொடுங்கள். பாதிப் பலனாவது கிடைக்கும். தாது உப்பை மறக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் சீமைக்கருவேலங்காயைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆடு தின்கிறது. மாட்டுக்கும் போடலாமா?
(ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து)

பதில்: போடலாம். பழுத்து மஞ்சளாகி உதிர்ந்த காயை மட்டும் பொறுக்கி, காயவைத்து, இடித்தோ அரைத்தோ போடுங்கள். இனிப்பு இருப்பதால் மாடு விரும்பித் தின்னும். அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை வைக்கலாம். அதையே முழுத் தீவனமாக மாதக்கணக்கில் போட்டால் தாடை, நாக்குத் தசைகள் பாதிக்கப்படும், மாட்டால் மெல்லவே முடியாமல் போகும். இடிக்காமல் முழுசாகப் போட்டால் விதை சாணியோடு முளைக்கும் நிலையிலேயே வெளியே வரும், அந்தச் சாணியை எருவாக அடித்த காட்டில் அடுத்த வருடம் கருவேலங்கன்று முளைத்து நிற்கும். ஏற்கெனவே அதோடு போராடிக்கொண்டிருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆழ்துளைக் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. வருகிற தண்ணீரும் உப்புக் கரிக்கிறது. கறவை மாடு இரண்டு, வற்றிய மாடு இரண்டு. ஒரு மாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் இருந்தால் சமாளிக்கலாம்?
(வெள்ளகோவில் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: காய்ந்த தீனி தின்னும் வற்றிய நாட்டுமாட்டுக்கு வெயில் காலத்தில் 35, 40 லிட்டர். கலப்பினக் கறவைக்கு 70, 80 லிட்டர், பால் அதிகமென்றால் அதற்கும் மேல். உங்கள் நாலு மாட்டுக்கு நாளுக்குச் சுமார் 230 லிட்டர் என்று வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் கணக்குப் போடுங்கள். தண்ணீரைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். தண்ணீர் குறைந்தால் மாடு முதலில் தீனியைக் குறைக்கும், மறுநாளே பால் குறையும், வைக்கோல் மட்டுமே தின்னும் மாட்டுக்கு வயிறு கட்டிக்கொள்ளும்.

உப்புத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 3000 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் மாடு பழகிக்கொள்ளும். 5000 வரை முதலில் கழிச்சல் வரலாம், பிறகு சரியாகும். அதற்கு மேல் சினை மாட்டுக்கும் கறவைக்கும் கொடுக்கக் கூடாது, 7000 தாண்டினால் எதற்குமே வேண்டாம். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்து கொடுப்பது பலரும் செய்வதுதான், தப்பில்லை, ஆனால் அப்போது தீவனத்தில் தனியாகச் சோற்றுப்பு போடுவதை நிறுத்திவிடுங்கள். தொட்டியை நிழலுக்குள் வையுங்கள். வெயிலில் கொதித்த தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும், அதற்குத் தாகமில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

கேள்வி: பசு எலும்பைக் கடிக்கிறது, கயிறு, துணி, சுவர்ச் சுண்ணாம்பு எதையும் விடுவதில்லை. யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்கிறார் மாமியார்.
(பெயர் ஊர் வேண்டாம் என்று ஒரு வாசகி)

பதில்: மாமியார் திருப்திக்குச் சுற்றிப் போடுங்கள், அதோடு தினம் 40, 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுங்கள். மாதக்கணக்கில் காய்ந்த தீனி மட்டும் தின்னும் மாட்டுக்குப் பாஸ்பரஸ் குறைந்துவிடும், அதனால்தான் எலும்பைத் தேடுகிறது. செத்த மாட்டின் எலும்பில் வாய் வைத்தால் சில நேரம் கொடிய நச்சு உடம்பில் ஏறி, பின்னங்கால் இழுத்து, எழ முடியாமல் படுத்துச் செத்துப்போகும், ஆகவே தோட்டத்தில் எலும்பு, பிளாஸ்டிக் எதுவும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்தும் கொடுத்து நாளாகியிருந்தால் கொடுத்துவிடுங்கள்.

பச்சையே இல்லாமல் ஆறேழு மாதம் போனால் வைட்டமின் ஏ-யும் குறையும். மாலையில் மாடு இடறுகிறதா, பிறக்கும் கன்று பார்வை இல்லாமலோ எழ முடியாமலோ பிறக்கிறதா என்று கவனியுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஒரு கட்டு அகத்தியோ முருங்கைத்தழையோ போட்டாலே சமாளிக்கலாம். சவுண்டல் (சூபாபுல்) தழை இருந்தால் போடலாம், ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், அதிகமானால் முடி கொட்டும்.

கேள்வி: எல் நினோ வருகிறது என்று செய்தியில் சொன்னால் கிடாரியை விற்றுவிடலாமா? செய்தியைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை.
(தாராபுரம் வட்டாரத்திலிருந்து)

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. எல் நினோ என்றால் வறட்சி என்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களுக்கான பேச்சு. நமக்கு முக்கியமான ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பொதுவாக எல் நினோ சாதகம், லா நினாதான் பாதகம். 2015 எல் நினோ வருடம், சென்னை மூழ்கியது. மறு வருடம் 2016இல் லேசான லா நினா, வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோனது. அதற்காக இதையும் சூத்திரமாக வைத்துக்கொள்ளாதீர்கள், 2021இல் லா நினா இருந்தும் இயல்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் வரும் முன்னறிவிப்பை வைத்து மாட்டை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இதை வைத்து முடிவெடுங்கள்: கார்த்திகைக் கடைசி நாள், கொறங்காட்டில் புல் எவ்வளவு, போரில் எத்தனை கிலோ, கட்டுத்தறியில் எத்தனை வாய். மூலனூர்க்காரருக்குச் சொன்ன கணக்கேதான். அரசு அறிவிக்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 மழை பொய்த்ததற்கு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது 2017 ஜனவரி 10இல். நிவாரணத்துக்கு அந்த அறிவிப்பு வேண்டும்தான், உலர்தீவனக் கிடங்கு திறந்தால் தயங்காமல் போய் வாங்குங்கள். ஆனால் உங்கள் புல் அதற்கு இரண்டு மாதம் முன்பே அறிவித்திருக்கும்.

ஊசி போடும் மாதத்தையும் மழையோடு ஒத்துப் பார்க்கலாம். பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதம், பத்து நாள் சொச்சம். தை மாதம் ஊசி போட்டால் ஐப்பசியில் கன்று போடும், பால் கொடுக்க அதிகத் தீனி வேண்டிய முதல் மூன்று மாதமும் புல் இருக்கும் காலமாக அமையும். ஆவணியில் ஊசி போட்டால் வைகாசி வெயிலில் ஈன்றுவிட்டு ஒட்டிய வயிற்றோடு நிற்கும். இந்த வருடம் வற்றிப்போன பசுவுக்கு அவசரப்பட்டு ஊசி போடாதீர்கள், உடம்பில் சதை இல்லாத பசு பருவத்துக்கே சரியாக வராது, வந்தாலும் சினை நிற்பது சந்தேகம்.

கேள்வி: போன வருடம் மழை வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் இரண்டு மாடு செத்தது. வறட்சியில் தப்பியது பச்சையில் ஏன் சாக வேண்டும்? மழை வந்தால் இந்த முறை என்ன செய்வது?
(குஜிலியம்பாறை பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வருத்தமான விஷயம், ஆனால் ஊர் ஊருக்கு நடப்பதுதான். காரணம் பல. மாதக்கணக்கில் வைக்கோல் தின்ற வயிறு திடீரென்று இளம்பச்சையைத் தாங்காது, கழியும், இல்லை வயிறு உப்பிக்கொள்ளும். சோளத்தாளின் புதுத் தளிர் பற்றி மேலே எழுதிவிட்டேன். மண் நனைந்ததும் சப்பை நோய் கிளம்பும், நல்ல வாட்டசாட்டமான கிடாரிகளைத்தான் முதலில் தாக்கும், தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் வரும், ஒரே நாளில் கதை முடிந்துவிடும். தொண்டை அடைப்பானும் அதே பருவத்துக்காரன். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும், உடம்பில் நோய் எதிர்ப்பு ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கோமாரித் தடுப்பூசி முகாமையும் தவறவிடாதீர்கள்.

முதல் மழைக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் மாட்டைப் புல்லில் விடாதீர்கள், புல் முழ உயரம் வரட்டும். கண்ணெதிரே பச்சை இருக்க மாடு வேலியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். அதற்காகவே போரில் ஒரு மாதத் தட்டை ஒதுக்கிவைக்கச் சொல்வேன். விடும்போதும் காலையில் தட்டுப் போட்டு வயிறு நிரம்பிய பிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். மழையில் நனைந்து கறுத்துப் பூசணம் பிடித்த தட்டை “வீணாகிறதே” என்று சினை மாட்டுக்குப் போட வேண்டாம், கன்று வீசிவிடும். குப்பைக் குழிக்குப் போகட்டும்.

விற்றதற்குப் பதிலாக உடனே மாடு வாங்கவும் கிளம்பாதீர்கள். மழை விழுந்த வாரத்தில் எல்லோருக்கும் அதே ஆசை வரும், விலை எகிறும். ஒரு நல்ல பருவம் காடு ஓய்வெடுக்கட்டும், உங்கள் கிடாரிகளே சினையாகட்டும். அப்படியும் வாங்கினால் புது மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனி வாளியில் தண்ணி காட்டுங்கள், தோலில் கழலை, வாயில் கொப்புளம் ஏதாவது தெரிகிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். காதில் தோடு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது விழுந்துபோன மாட்டுக்கு இன்சூரன்ஸ் வாங்குவது பெரும்பாடு.